புதிய விமானமும் புதிய பொருளும்

(நம் மன்றத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயத்தையும் தமிழையும் வளர்க்கும் மன்றத்தின் மேடையிலே ஆகாயவிமானத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். விமானம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. கருவறையின்மேல் எழுந்து நிற்பதை விமானம் என்கிறோம். இராவணன் ஏறிச் சென்றதாகக் கதை கூறும் புட்பகத்தையும் விமானம் என்கிறோம். புட்பகம் எப்பொருளால் ஆயது என்று ஆராய்வது இன்று என் நோக்கமன்று. நம் பிள்ளைகள் இன்று ஏறிச் செல்லும் விமானம் எப்பொருளால் ஆயது, அப்பொருளை நம்பலாமா, அதனால் நமக்கு விளையும் நன்மை யாது என்பனவே நான் பேச எடுத்துக்கொண்டவை.

கடல்கடந்து வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் அரிது. மகன் கட்டாரில் இருக்கிறான். மகள் இலண்டனில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் கனடாவில் வளர்கிறார்கள். அவர்கள் ஏறிவரும் பெரிய விமானங்களிற் பல இன்று அலுமினியத்தால் ஆனவை அல்ல. "உடம்பும் சிறகும் பிளாஸ்ரிக்காம்" என்று யாரேனும் சொன்னால் தாயின் மனம் பதறும். அந்தப் பதற்றத்துக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டியது படித்தவர் கடமை.

முதலில், அந்தப் பொருள் யாது என்று பார்ப்போம். நாம் வணங்கும் திருவுருவங்கள் பஞ்சலோகத்தால் ஆனவை. அங்கே உலோகங்கள் உருகி ஒன்றோடொன்று கலந்து தம் தனித்தன்மையை இழந்துவிடுகின்றன. அது கலப்புலோகம். நம் முன்னோர் மண்வீடு கட்டியபோது களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்துக் குழைத்தார்களே, அது வேறு வகை. சுவர் எழுந்த பின்னும் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கும். மண் மண்ணாகவே இருக்கும். மண்ணுக்கு இல்லாத இழுவைப் பலத்தை வைக்கோல் கொடுக்கிறது. வைக்கோலுக்கு இல்லாத உருவத்தை மண் கொடுக்கிறது. இப்படித் தன்தன் குணத்தோடு நின்று ஒன்றுக்கொன்று துணைசெய்யும் பொருள்களின் சேர்க்கையையே கூட்டுப்பொருள் என்கிறோம்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. நம் கரைகளிலே மரத்தோணி குறைந்து பைபர் வள்ளங்கள் நிறைந்திருப்பதைக் காண்கிறீர்கள். கண்ணாடியை மெல்லிய நூலாக இழுத்து, பாயாக்கி, அதை அச்சிலே விரித்துப் பிசின் பூசி இறுகவிட்டால் பைபர் வள்ளம் பிறக்கிறது. வடக்கே காரைநகரில் நோர்வே நாட்டாரின் உதவியோடு எழுந்த சீநோர் படகுத்துறை இவ்வகைப் படகுகளை நம்மவர் கைகளாலேயே கட்டுவித்தது. புதிய விமானத்தின் உடல் இந்தப் பைபர் வள்ளத்துக்கு நெருங்கிய உறவு. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் காபன் இழை. சாதாரண பிசினுக்குப் பதிலாக எப்பொக்சிப் பிசின். வேறுபாடு செய்முறையிலும் கண்டிப்பிலும் இருக்கிறது.

காபன் இழை நம் தலைமயிரிலும் பத்திலொரு பங்கு அளவே தடிப்புள்ளது. செயற்கை நூலொன்றைக் காற்றுப்படாமல் ஆயிரம் பாகைக்கு மேல் சூடாக்கி அதைப் பெறுகிறார்கள். பிசின் ஊறிய இழைத்தாள்களைக் குளிரறையிலே வைத்துக் காத்து, ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக, ஒன்று சாய்வாக என்று அடுக்குகிறார்கள். எந்தத் திசையிலே பாரம் விழுமோ அந்தத் திசைக்கு இழையைக் கூட்டுகிறார்கள். பின்பு பேரழுத்தச் சூளையில் ஏறத்தாழ 180 பாகை சதமச் சூட்டிலே பதப்படுத்துகிறார்கள். இவ்வாறு வருவது அலுமினியத்திலும் ஏறக்குறைய பாதி அளவே நிறையுள்ளது. இழையின் திசையிலே அதனிலும் வலியது.

இப்பொருள் ஒரே நாளில் விமானத்தில் ஏறிவிடவில்லை. இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானியரின் குண்டுவீச்சை எதிர்த்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களின் பின்னுடல், சட்டங்களின்மேல் துணி போர்த்தியதாகவே இருந்தது. அதன்பின் உலோகமே ஆட்சிசெய்தது. 1980ஆம் ஆண்டுகளில் எயர்பஸ் நிறுவனம் தன் விமானங்களின் வாற்பகுதியைக் காபனால் செய்யத் தொடங்கியது. நம் நாட்டு விமானசேவை பறக்கவிடும் ஏ-320, ஏ-330 வகைகளின் வால் அத்தகையதே. ஆகவே, கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்ட நம்மவர் பலர் தாம் அறியாமலே இப்பொருளை நம்பிப் பறந்திருக்கிறார்கள். 2011 ஒக்ரோபரில் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்திலே நிறையில் பாதி கூட்டுப்பொருள். 2015இல் கட்டார் விமானசேவை முதன்முதல் பறக்கவிட்ட ஏ-350 விமானத்தில் அது நூற்றுக்கு 53 பங்கு.

இதனால் வரும் நன்மை யாது? நிறை குறைந்தால் எரிபொருள் குறையும். புதிய இயந்திரங்களின் பங்கும் சேர்ந்து, தான் பதிலாக வந்த பழைய விமானங்களைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எரிபொருளை 787 மிச்சப்படுத்தும் என்று அதைச் செய்தோர் கூறினர். அடுத்தது துரு. உப்புக்காற்றிலே இரும்பு படும்பாட்டைத் துறைமுகத்து மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியத்தையும் உப்பு அரிக்கும்; காபன் கூட்டுப்பொருள் துருப்பிடிக்காது. ஆயினும் காபனை அலுமினியத்தோடு நேரே பொருத்தினால் ஈரத்தில் அலுமினியம் விரைவில் அரிபடும். அதனாலேயே பொருத்துமிடங்களில் விலையுயர்ந்த தைத்தேனியம் என்னும் உலோகத்தைக் கையாளுகிறார்கள்.

மூன்றாவது நன்மையைப் பயணி தன் உடம்பிலேயே உணர்வான். விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டினால் உடற்கூட்டுக்குப் பாரம் கூடும். பழைய உலோக விமானங்களிலே உள்ளிருக்கும் காற்று 8,000 அடி உயரத்து மலைக்காற்றுப் போல மெலிந்திருக்கலாம். அது பிதுருதலாகலை உச்சியில் இருப்பதை ஒத்தது. புதியவற்றிலே அது 6,000 அடி; அதாவது நுவரெலியா நகரத்தில் இருப்பது போல. நெடும்பயணம் செய்யும் முதியவருக்கும் சுவாச நோயுள்ளவருக்கும் இது சிறிய உதவியன்று.

நன்மைகள் இருக்கட்டும், பத்திரமானதா என்று கேட்பீர்கள். இதற்கு விடை கூறுமுன் உலோகம் எவ்வளவு பத்திரமாயிருந்தது என்றும் கேட்க வேண்டும். கொமெற் என்ற முதலாவது ஜெற் பயணிகள் விமானம் 1952இல் சேவைக்கு வந்தபோது உலகம் வியந்தது. 1954 சனவரியில், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு உரோமாபுரியை விட்டு எழுந்த கொமெற் ஒன்று நடுவானில் வெடித்து எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். மூன்று மாதங்களில் இன்னொன்று வீழ்ந்தது. ஒரு கொமெற்றை நீர்த்தொட்டியிலே வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்த பின்னரே உலோகம் களைத்து வெடிக்கும் உண்மை உறுதியாயிற்று. ஒரு கம்பியைப் பலமுறை மடித்து நிமிர்த்தினால் அற்றுவிடுகிறதல்லவா, அதே களைப்பு அது. 1988 ஏப்பிரிலில் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த போயிங் 737 ஒன்றின் கூரை, ஏறத்தாழ 18 அடி நீளத்துக்கு, வானத்திலேயே பிய்ந்து பறந்தது. உப்புக்காற்றின் அரிப்பும் உலோகக் களைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உலோகம் நமக்குப் பழகிய பொருள். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு மனிதகுலம் கொடுத்த விலை பெரிது.

கூட்டுப்பொருளுக்கு இந்தக் களைப்பு மிகக் குறைவு. ஆனால் அதற்கென்று வேறு சோதனைகள் வந்தன. 2001 நவம்பர் 12ஆம் நாள் நியூயோர்க்கில் எயர்பஸ் ஏ-300 விமானம் ஒன்றின் காபன் வால் முறிந்து 265 பேர் மாண்டனர். பொருள் பிழைத்துவிட்டது என்று பலர் கூவினர். நீண்ட விசாரணையின் முடிவு வேறாயிருந்தது. சுக்கானை விமானி இடமும் வலமுமாக மாறிமாறி வலிந்து மிதித்ததால், வால் தாங்கவேண்டிய உச்சப் பாரத்துக்கும் மேற்பட்ட பாரம் அதன்மேல் விழுந்தது. சுக்கானின் அமைப்பும் பயிற்சிமுறையும் அதற்கு இடம் கொடுத்தன. வால் தனக்கு விதித்த பாரத்தைத் தாங்கிய பின்னரே முறிந்தது.

2024 சனவரி 2ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஏ-350 விமானம், ஓடுபாதையில் நின்ற கரையோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. காவற்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டது பெருந்துயரம். ஆனால் பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். காபன் உடல் உருகி ஒழுகாமல் அடுக்கடுக்காகக் கருகும் இயல்புடையது. ஆயினும் புகழ் முழுவதையும் பொருளுக்குக் கொடுப்பது நீதியாகாது. பணியாளரின் பயிற்சியும், பைகளை விட்டுவிட்டு ஓடிய பயணிகளின் ஒழுங்கும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன. அதன்பின் அந்த உடல் பல மணி நேரம் எரிந்து பெரும்பாலும் சாம்பராயிற்று. எரியாத பொருள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

2025 யூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் எயர் இந்தியாவின் 787 வீழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் மாண்டனர். அவ்வகை விமானம் உயிர்ப்பலி கொண்டது அதுவே முதன்முறை. அடுத்த மாதம் வெளியான முதல்நிலை அறிக்கை, எழும்பிய சில வினாடிகளில் இரு இயந்திரங்களின் எரிபொருள் ஆளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுப்பு நிலைக்கு மாறியதைப் பதிவு செய்தது. உடலின் பொருள் முறிந்ததாக அது கூறவில்லை. இறந்தவர்களை நினைந்து தலைவணங்கும் நாம், அவர்கள் பெயரால் வதந்தி பரப்பாதிருப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லையா? உண்டு. என் பேச்சின் நடுவம் இதுதான். அலுமினியத்தை இடித்தால் அது நெளியும். நெளிவு கண்ணுக்குத் தெரியும். காபன் கூட்டுப்பொருளை இடித்தால் வெளித்தோல் பழையபடி நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். வெளியே வடுவில்லாத உட்காயம் அது. இதை அறிந்தே பொறியியலாளர், கண்ணுக்கு எட்டாத சிறு காயங்கள் உடலில் உண்டென்று முன்கூட்டியே கொண்டு, அக்காயங்களோடும் முழுப் பாரத்தையும் தாங்குமாறு விமானத்தை அமைக்கிறார்கள். 2010 மார்ச்சில் 787இன் சிறகை ஏறத்தாழ 25 அடி மேலே வளைத்து, பறப்பில் எதிர்பார்க்கும் மிகப் பெரிய பாரத்தின் ஒன்றரை மடங்கை ஏற்றிச் சோதித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில், சிறகு உடலோடு சேரும் இடத்திலே சோதனையின்போது குறை தென்பட்டது. அதனால் முதற்பறப்பையே நிறுத்தி, திருத்திய பின்னரே திசெம்பர் 15ஆம் நாள் பறக்கவிட்டார்கள்.

ஆனால் பொதிவண்டியோ ஏணிவண்டியோ விமானத்தின் விலாவில் பலமாக இடித்தால், அது சிறு காயக் கணக்கில் அடங்காது. வண்டியின் முகப்பிலே இறப்பர் இருந்தால் வெளியே கீறல்கூட விழாது. உள்ளே சட்டம் முறிந்திருக்கலாம். அங்கே கணக்கும் கருவியும் காத்து நிற்கின்றன. ஆனால் அவற்றை அழைக்க ஒருவர் வாய்திறக்க வேண்டும். இடித்தவர், "நான் இடித்துவிட்டேன்" என்று சொன்னால், சோதனையாளர் வருவார். செவிக்கெட்டாத நுண்ணொலியை உள்ளே செலுத்திப் பார்ப்பார். சிறு சுத்தியலால் தட்டியும் பார்ப்பார். நம் தாய்மார் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். நல்ல இடம் கணீரென்னும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். இடித்தவர் வேலை போய்விடுமென்று அஞ்சி வாய்மூடினால், இத்தனை அறிவும் பயனற்றுப்போகும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே விதிதான். 787இன் உடற்பகுதிகள் பொருந்துமிடங்களிலே காகிதத் தடிப்பளவான இடைவெளிகள் அளவுமீறியிருந்தமை தெரியவந்ததனால், 2021 தொடக்கம் 2022 ஓகத்து வரை பெரும்பாலும் புதிய விமானங்களை ஒப்படைப்பது நிறுத்தப்பட்டது. 2024இல் அந்நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவர் அமெரிக்க செனற் சபையின் முன் இதுபற்றி முறையிட்டார்; நிறுவனம் அதை மறுத்தது. ஏ-350 விமானங்களின் பூச்சு வெடித்து, அதன் கீழுள்ள மின்னற்காப்பு வலை வெளித்தெரிந்ததைப் பற்றிக் கட்டார் விமானசேவையும் எயர்பஸ் நிறுவனமும் வழக்காடி 2023இல் சமாதானமாயின. கோபுரத்துக்கு இடிதாங்கி எப்படியோ, மின்சாரத்தை எளிதிற் கடத்தாத காபன் உடலுக்கு அந்தச் செம்பு வலை அப்படி. அது பறப்புக்கு ஆபத்தன்று என்று ஐரோப்பிய அதிகாரிகள் கூறினர். கட்டாரின் அதிகாரிகளோ அவ்விமானங்கள் சிலவற்றைத் தரையில் நிறுத்தினர். இவற்றைக் கேட்டு அஞ்சவேண்டாம். குறை வெளிவந்து, கேள்வி எழுந்து, வேலை நின்று, திருத்தம் நடந்தால் அதுவே பத்திரத்தின் அடையாளம். குறையே இல்லை என்று சாதிக்கும் இடத்திலேதான் நாம் அஞ்சவேண்டும்.

இளைஞர்களே, இந்த வித்தை நமக்கு எட்டாதது என்று எண்ணிவிடாதீர்கள். நாகபுரியிலுள்ள தாதா குழுமத்துத் தொழிற்சாலை 787இன் தளத்தைத் தாங்கும் காபன் உத்தரங்களைச் செய்து அனுப்பியது. பெங்களூரின் தேசிய விண்ணூர்தி ஆய்வுகூடம், முழுவதும் கூட்டுப்பொருளாலான ஹன்சா என்ற சிறு பயிற்சி விமானத்தைச் செய்து 1993இல் பறக்கவிட்டது. கடலுக்கு அப்பால் இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்காக உருவான இலேசான காபன் பொருளைக் கொண்டு, கால் வலுவிழந்த குழந்தைகளுக்குத் தாங்கிகள் செய்விக்க வழிசெய்தார். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கியை இழுத்து நடந்த குழந்தைக்கு 300 கிராம் தாங்கி கிடைத்தது. ஆகாயத்துக்கென்று பிறந்த பொருள் ஒரு பிள்ளையைத் தரையிலே நடக்கவைத்ததைவிட உயர்ந்த பயன் வேறென்ன உண்டு?

நம் கரையிலே பைபர் வள்ளத்தின் வெடிப்பை அரத்தால் தேய்த்து, பாய் வைத்து, பிசின் பூசி அடைக்கும் கைகள் உண்டு. அந்தக் கைக்கு இரசாயனமும் கணிதமும் நுண்ணொலிச் சோதனையும் கற்பித்தால், அது உலகத்து எந்த விமானப் பட்டறையிலும் மதிப்புப் பெறும். பள்ளிப் படிப்பை முடித்துத் தொழிற்கல்வியை நாடும் தம்பிமாரும் தங்கைமாரும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். உடைந்த வள்ளங்கள் உக்காமல் கரைகளிலே கிடப்பதையும் எண்ணுங்கள். அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இதை அவ்வாறு உருக்க முடியாது. பழைய கூட்டுப்பொருளைப் பயன்படுத்த நல்வழி காண்பது உங்கள் தலைமுறைக்கு விடப்பட்ட வேலை.

அயல்நாட்டு விமான நிலையங்களிலே பொதி ஏற்றும் வேலையில் நம் இளைஞர் பலர் இருக்கிறார்கள். இன்னும் பலர் போவார்கள். அவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவிலே, யாரும் பாராத வேளையிலே, உங்கள் வண்டி விமானத்தில் தட்டிவிட்டால் உடனே சொல்லுங்கள். ஏசினாலும் சொல்லுங்கள். யாரும் காணாவிட்டாலும் கடவுள் காண்கிறார் என்று சிறுவயதில் நமக்குச் சொல்லித்தந்தார்களே, அந்தப் பாடம் முன்னூறு உயிர்களுக்குக் காவலாகும் இடம் அது. மேலதிகாரிகளாக உயர்பவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. உண்மை சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் மறைப்பான்.

ஆகவே, தாய்மாருக்கு நான் சொல்லக்கூடிய விடை இது: பொருள் நல்லது, கண்டிப்பாகச் சோதிக்கப்பட்டது, உங்கள் பிள்ளை தைரியமாக ஏறலாம். அந்த நம்பிக்கையைக் காப்பது இழையும் பிசினும் மட்டுமன்று. அதைச் செய்பவர், சோதிப்பவர், ஓட்டுபவர், பொதி ஏற்றுபவர் ஆகிய எல்லோரது நாணயமும் ஆகும்.

 கோணேசப் பெருமான் திருவருள் எல்லோருக்கும் துணைநிற்பதாக.